மாலை கழற்றிய பிறகு: குடியை விடுவதற்குச் சாமியையும் சனத்தையும் எப்படிப் பயன்படுத்துவது

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டு, 41 நாளோ 48 நாளோ ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்து, மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே பழையபடி ஆகிவிடுகிறவரை நம் ஊரில் தேடிப்பிடிக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ரெண்டு பேர் இருப்பார்கள். "சாமிக்குப் பயந்து நிறுத்தினான், இப்ப பாரு, எல்லாம் வேஷம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. தினமும் குடித்த ஒரு மனிதரால் ஒன்றரை மாதம் குடிக்காமல் இருக்க முடிந்திருக்கிறதே, அது எப்படி முடிந்தது என்று பிரித்துப் பார்த்தால், மாலையோடு சேர்த்து வேறு எதையெல்லாம் அன்றைக்குக் கழற்றி வைத்தோம் என்பது தெரிந்துவிடும். அதில் பாதியையாவது கழற்றாமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். குடிப்பவருக்கும் சொல்கிறேன், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கும் சொல்கிறேன்.

ஐயப்பனை வைத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான். தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர், மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டுபவர், ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர், தவக்காலத்திலோ ரமலானிலோ நிறுத்துபவர், எல்லாருக்கும் கணக்கு ஒன்றுதான்.

மாலை போட்டவர் விடியுமுன் எழுந்து குளிக்கிறார். உடை மாறுகிறது. சாயங்காலம், சரியாக அவர் கடைப்பக்கம் ஒதுங்குகிற நேரத்துக்கு, பஜனை இருக்கிறது. பக்கத்தில் உட்காருகிற ஆட்கள் மாறுகிறார்கள். பெயரும் மாறிவிடுகிறது: நேற்றுவரை "டேய் மாப்ள, வர்றியா" என்று இழுத்தவனே இன்று "சாமி" என்கிறான், கிளாஸை நீட்ட அவனுக்கே கை வருவதில்லை. குடிக்காமல் இருப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று குடியை விட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள். மாலையைக் கழற்றிய நிமிஷத்தில் இது அத்தனையும் ஒரே சாயங்காலத்தில் போய்விடுகிறது. பக்தி எங்கேயும் போகவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. நேரம், ஆள், பெயர், சாக்கு இவைதான் போய்விட்டன.

முதலில் உடம்பு

மாலை போடுவதற்கு முன்னால் மருத்துவர். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் சொல்ல ஆரம்பிப்பார்கள். இது உயிரையே எடுத்துவிடக்கூடிய நிலை. மாலை போட்ட வீட்டில் இது நடந்தால் என்ன சொல்வோம்? "சாமி வந்திருக்கு" என்போம், "சுத்தம் தவறிடுச்சு, சாமி குத்தம்" என்போம், விபூதி போட்டு எலுமிச்சம்பழம் சுற்றுவோம். விபூதி தாராளமாகப் போடுங்கள், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போதே போடுங்கள்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, கார்த்திகை பிறப்பதற்கு ரெண்டு வாரம் முன்னாலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறார், எத்தனை வருஷமாக, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று மறைக்காமல் சொல்வது. நடுக்கத்துக்கு மாத்திரையும், பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து நாலைந்து நாளில் அந்தக் கட்டத்தைத் தாண்ட வைத்துவிடுவார்கள். நெடுநாள் குடியால் பி1 குறைந்து மூளையே பாதிக்கப்படும், அதனால்தான் அந்த ஊசி. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416. சென்னையில் இருப்பவர்களுக்கு டி.டி.கே. மருத்துவமனை தெரிந்திருக்கும், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அமைப்பு அது.

இன்னொன்று, விரதத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒருவேளைச் சாப்பாடு என்பது நல்ல உடம்புக்கு. குடித்துக் குடித்துச் சாப்பிடாமலே இருந்த உடம்புக்கு முதல் சில வாரம் மூன்று வேளையும் சோறு வேண்டும், ஏனென்றால் பசியும் குடிக்கிற ஆசையும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கூப்பிடும். குருசாமியிடம் கேட்டால் மறுக்க மாட்டார். மறுத்தால் வேறு குருசாமியைப் பாருங்கள்.

மண்டல காலத்தில் செய்ய வேண்டியது

வீட்டில் இருப்பவர்கள் இந்தக் காலத்தைப் பழைய கணக்குத் தீர்க்கப் பயன்படுத்துவார்கள். அவர் தெளிவாக இருக்கிறார், இப்போதுதான் காது கேட்கும், அடகு வைத்த நகையைப் பற்றி இப்போதே கேட்டுவிடலாம் என்று தோன்றும். கேட்க உரிமை இருக்கிறது, ஆனால் முதல் இரண்டு வாரம் வேண்டாம். தூக்கமே சரியாக வராத ஆளிடம் கேட்டால் வருகிற பதில் கோபமாகத்தான் இருக்கும்.

அதற்குப் பதிலாக மூன்று காரியம். ஒன்று, மாலை கழுத்தில் இருக்கும்போதே ஒரு ஏ.ஏ. கூட்டத்துக்கு (குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுகிற கூட்டம்) போய்வர வையுங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இரண்டு, குருசாமியைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். அவரிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கேட்க வேண்டியது இது: மலையிறங்கித் திரும்பும்போது வண்டியில் பாட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்ள முடியுமா, மாலை கழற்றிய பிறகும் வாரத்துக்கு ஒருநாள் இவரைக் கோயில் வேலைக்குக் கூப்பிட முடியுமா. முதல் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தரிசனம் முடித்த வேனில், சொந்த ஊர் வருவதற்கு முன்பே, "அதான் பார்த்தாச்சே" என்று ஆரம்பிப்பது எத்தனை குழுக்களில் நடக்கிறது என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட குழு என்றால் வேறு குழுவோடு அனுப்புங்கள், அல்லது வீட்டு ஆள் ஒருவர் கூடப் போகட்டும்.

மூன்றாவது, கையில் பணம் புழங்கும் வழியை இப்போதே மாற்றிக்கொள்வது. சம்பளம் வருகிற கணக்கை அவர் சம்மதத்தோடு மனைவியோ அண்ணனோ பார்த்துக்கொள்வது, தினக்கூலி என்றால் அன்றன்று வீட்டில் கொடுத்துவிடுவது. மாலையில் இருக்கும்போது இதை அவரே ஒத்துக்கொள்வார். கழற்றிய பிறகு கேட்டால் அவமானமாகிவிடும்.

கழற்றுகிற நாள்

இந்த நாளை முகூர்த்தம் குறிப்பதுபோல முன்கூட்டியே குறித்து வையுங்கள். காலையில் கழற்றுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை, சம்பள நாள், பொங்கல் லீவு இவை மூன்றும் வேண்டாம். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது, ஆக அந்தப் பத்து மணி நேரத்துக்கும் அவர் எங்கே இருப்பார், யாரோடு இருப்பார் என்று எழுதியே வைத்துக்கொள்ளலாம், சிரித்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏ.ஏ. கூட்டம் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. இல்லையென்றால் குருசாமி வீட்டில் சாப்பாடு, தங்கச்சி வீட்டுக்குப் பயணம், எதுவானாலும் சரி.

அப்புறம், எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று பாருங்கள். விடியற்காலைக் குளியலையும் விளக்கேற்றுவதையும் வைத்துக்கொள்ளலாம், மாலை இல்லாமலும் செய்யலாம். காலையில் எழுந்தே ஆக வேண்டும் என்றால் ராத்திரி சீக்கிரம் படுத்தாக வேண்டும். சனிக்கிழமை பஜனையை வைத்துக்கொள்ளலாம். "சாமி" என்ற பெயரை வைத்துக்கொள்ள முடியாதுதான், ஆனால் சாக்கை வைத்துக்கொள்ளலாம்: "மாத்திரை சாப்பிடுறேன், டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்ற ஒரே வரி, விளக்கம் கிடையாது, எல்லாரிடமும் அதே வரி. வேண்டுதலை நீட்டி அடுத்த வருஷம்வரை என்று வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய வேண்டுதல் உடையும்போது பெரிதாக உடைகிறது. ஏ.ஏ.காரர்கள் சொல்கிற "இன்று ஒரு நாள் மட்டும்" தினமும் காலையில் சாமி முன்னால் சொல்லக்கூடிய அளவுக்குச் சின்னது.

யார் வேண்டும், யார் வேண்டாம்

ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஊர் கூடி ஒருவரைக் குடியிலிருந்து இழுக்க முடியாது. மூன்று பேர் போதும். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒருவர் (குடியை விட்டவராகவே இருந்தால் உத்தமம்), வேலை கொடுக்கக்கூடிய அல்லது வேலையிடத்தில் கண் வைக்கக்கூடிய ஒருவர், குடும்பத்துக்குள் அவர் மதிக்கிற ஒருவர். நடுக்கூடத்தில் நிற்க வைத்து எல்லார் முன்னாலும் புத்தி சொல்கிற பெரியப்பா இந்த மூவரில் வர வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் பேசி முடித்ததும் குடிக்கத்தான் தோன்றும்.

ஊரே சேர்ந்து நன்றாகச் செய்த ஓர் உதாரணமும் இருக்கிறது. இப்போதைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் டி.டி.கே. மருத்துவமனைக்காரர்கள் கிராமத்துக்கே வந்து, உள்ளூர் அறக்கட்டளை ஒன்றின் துணையோடு, குடிநோயாளிகளை அங்கேயே இரண்டு வாரம்போலத் தங்க வைத்து முகாம் நடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு, வேலை கொடுக்கிறவருக்கு எல்லாருக்கும் இவர் சிகிச்சையில் இருக்கிறார் என்று தெரியும். திரும்பி வந்தவர் யாரிடமும் கதை சொல்லத் தேவையிருக்காது. சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டுத் "துபாய்ல இருந்தேன்" என்று சொல்கிற நிலைமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், குடியைக் கற்றுக்கொடுப்பதும் இதே சனம்தான், அதையும் சொல்லியாக வேண்டும். கிடா வெட்டு, காதுகுத்து, பங்குனி உத்திரம், சாவு வீடு. குலதெய்வம் கருப்பசாமியோ முனீஸ்வரனோ என்றால் படையலிலேயே பாட்டில் இருக்கும், அதைப் பிரசாதம் என்று கையில் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் சாமியை மறுத்த மாதிரி ஆகும். அதனால் படையல் போடுகிற பொறுப்பை அந்த வருஷம் மாமாவிடமோ தம்பியிடமோ கொடுத்துவிட்டு, தேங்காய் பழம் மட்டும் வாங்கிக்கொண்டு, கறிச்சோறு இலை போடுமுன் கிளம்பிவிடுங்கள். சர்ச்சில் நற்கருணையில் திராட்சை ரசம் கொடுத்தால் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், முன்னாலேயே போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். சாவு வீடு என்றால் மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுக் காடுவரை போகாமல் திரும்புங்கள். பேசுகிறவர்கள் பேசட்டும். காந்தி ஜெயந்தி மாதிரிக் கடை மூடுகிற நாள் பாதுகாப்பான நாள் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் ராத்திரி கடையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஏ.ஏ. என்ற கூட்டம்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிய கதையே இந்த விஷயத்துக்குப் பொருத்தமானது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வியாபாரமாகப் போன பில் வில்சன் என்பவர், சில மாதம் முன்புதான் குடியை விட்டிருந்தார். வியாபாரம் படுத்துவிட்டது, தங்கிய ஓட்டலில் பார் சத்தம் கேட்கிறது, கால் அங்கே போகப் பார்க்கிறது. அவர் நேராகப் போன் பக்கம் போய், உள்ளூர்ப் பாதிரியார்களின் எண்களைத் தேடிக் கூப்பிட்டார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற டாக்டர். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியது அப்படியே கூட்டமாக வளர்ந்தது.

தமிழிலேயே பேசுகிற கூட்டங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, பெரும்பாலும் பள்ளிக்கூட அறையிலோ சர்ச்சை ஒட்டிய அறையிலோ சாயங்காலத்தில் நடக்கும். சர்ச்சில் நடப்பதால் மதம் மாற்றுவார்கள் என்று பயப்படாதீர்கள், இடம் மட்டும்தான் அவர்களுடையது. கட்டணம் கிடையாது, விரும்பினால் போடச் சொல்லி ஒரு பெட்டி சுற்றிவரும். முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. முதல் நாள் பேச வேண்டியதில்லை, பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு ஏரியா கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ரெண்டு மூன்று பேரின் போன் நம்பர் வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள். குடித்த பிறகு கூப்பிட்டுப் பயனில்லை, குடிக்குமுன் கூப்பிட வேண்டும்.

இது வெறும் நம்பிக்கை சமாச்சாரம்தானே என்பவர்களுக்கு: 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. முறையாக ஏ.ஏ.யில் இணைத்துவிடுகிற சிகிச்சை, குடிக்காமல் இருப்பதைத் தொடர வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பல இடத்தில் மேல் என்பதுதான் முடிவு.

சாமி நம்பிக்கை இல்லாதவர்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள் என்ன செய்வது? அவர்களும் போகலாம். ஏ.ஏ. வழிகாட்டுகிற பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, "நாம் புரிந்துகொண்ட விதத்தில்" என்ற அடைமொழியோடு. அந்தக் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதுவும் ஒட்டவில்லை என்றால் கபடிக் குழு, நூலகம், ரத்ததானக் குழு என்று சாயங்கால நேரத்தைப் பிடித்து வைக்கிற எதுவானாலும் சேருங்கள், மருத்துவரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

குடிக்கிற பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். ஊர் அறியக் குடிக்காததால் ஊர் அறிய விடவும் முடியாது. போனில் தொடங்குவதுதான் சுலபம், 14416 அதற்குச் சரியான எண்.

யாரை நம்பக் கூடாது

மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும், கயிறு போதும் என்று சொல்கிறவர் எந்த மதமாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல பூசாரியும் நல்ல போதகரும் அப்படிச் சொல்வதில்லை. "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கிற பொடியை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்கிற டைசல்ஃபிரம் போன்ற மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதே மருந்தை மருத்துவர் சொல்லி, அவர் தெரிந்து சாப்பிடுவது வேறு விஷயம்.

அடித்துத் திருத்துகிற, கட்டிப்போடுகிற இல்லங்கள் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் நடந்த தீவிபத்தில், மனநோய் குணமாக வேண்டும் என்று கொண்டுவிடப்பட்டுச் சங்கிலியில் இருந்த 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது, போதை நோயாளிகளும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள்தான் வருகிறார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பின்னால் துவாவோடு மருந்தும் கொடுக்கிற ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. ஒரு மையத்தில் சேர்க்குமுன் உரிமம் இருக்கிறதா, மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவருக்கும் ஒரு கூட்டம் உண்டு, அல்-அனான் என்று பெயர், 1951இல் தொடங்கியது. அவர் விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம். "பொறுத்துக்கோம்மா, சாமி பாத்துக்கும்" என்ற அறிவுரை அடி வாங்குகிற வீட்டுக்குப் பொருந்தாது. பெண்களுக்கான உதவி எண் 181ஐக் கூப்பிடுங்கள், வேண்டுதலைப் பிறகு பார்க்கலாம்.

இடையில் குடித்துவிட்டால்

மாலை போட்டிருக்கும்போதே ஒருநாள் தவறிவிடுகிறது என்று வையுங்கள். பயத்தில் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனி என்ன இருக்கு, எல்லாம் போச்சு" என்று அடுத்த ஒரு வாரம் தொடர்ந்து குடிப்பதுதான் வழக்கமாக நடப்பது. அந்த முதல் கிளாஸைவிட இந்த ஒரு வாரம்தான் ஆளைக் கெடுக்கிறது, சில சமயம் உயிரையும் எடுத்துவிடுகிறது. குற்றவுணர்ச்சிக்குக் குருசாமி பரிகாரம் சொல்வார், அது அவர் வேலை. உங்கள் வேலை அன்று ராத்திரி சண்டை போடாமல் இருப்பது, போதையில் இருப்பவரிடம் நியாயம் பேசாமல் இருப்பது. மறுநாள் காலை தெளிந்ததும் அந்த மூன்று பேரில் ஒருவரை வரவழையுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டிலேயே நிறுத்த முயலாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், நடுக்கம் வலிப்பு எல்லாம் முதலிலிருந்து வரும். அதே வாரத்தில் கூட்டத்துக்கும் போகட்டும், அங்கே இப்படித் தவறி வந்தவர்கள் நிறைய உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த கார்த்திகைக்கு மறுபடி மாலை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.